ஒற்றைக் கொம்பு ஆடு உட்பட

ஹோசியா: இன்னொரு தடவை படி.

லைமன்: எதை, ஆடு வர்ற இடத்தையா?

ஹோசியா: முதல்லேர்ந்தே படி.

லைமன்: ரெண்டு தடவை படிச்சாச்சுய்யா. சரி, கேளு. 'மேன்மை தங்கிய ஜனாதிபதி அவர்களுக்கு, நார்ஃபோக் துறையிலிருந்து கடற்படைத் தளபதி எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்த அன்றே உத்தரவு நிறைவேற்றப்பட்டது. மேற்படி நபர், மனைவி, பதினொரு கோழிகள், ஒற்றைக் கொம்பு ஆடு உட்பட, போர்க்கப்பலைவிட்டுக் கரையில் இறக்கப்பட்டார்.'

ஹோசியா: ஆடு.

லைமன்: ஒற்றைக் கொம்பு ஆடு.

ஹோசியா: போர்க்கப்பல்ல எதுக்குய்யா ஆடு?

லைமன்: கேப்டனுக்குக் காபியில பால் வேணாமா? அது போகட்டும், இதைக் கேளு. 'இந்த ஆட்டைப் பற்றிக் கப்பலுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு தூரத்தில் இருந்தபடி தாங்கள் அதன் கொம்பு வரை அறிந்திருப்பது எங்கள் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. மாலுமிகள் இப்போது ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள்.'

ஹோசியா: அப்படின்னா... நம்ம கடிதத்துலயே ஆடு இருந்துச்சுங்கறாரா?

லைமன்: அப்படித்தான் தெரியுது. எழுதினவன் நீ. என்னைக் கேக்கறியே.

ஹோசியா: நான் ஆடுன்னு எழுதவே இல்ல.

லைமன்: கோழி?

ஹோசியா: கோழியும் இல்ல. ஒரு இறகுகூட இல்ல.

லைமன்: ஜனாதிபதிப் பெரியவர் சொல்லச்சொல்ல எழுதினப்போ ஏதாவது ஆடு மாதிரி காதுல விழுந்திருக்குமோ. அவருக்குப் பல்வலி அன்னிக்கு.

ஹோசியா: பல்வலில மனுஷன் ஆடுன்னா சொல்வான்?

லைமன்: நல்ல கேள்வி. நகல் புத்தகத்தை எடு, பாத்துரலாம்.

ஹோசியா: அதெல்லாம் எதுக்கு இப்ப. பத்து மணிக்கு பிளைத் வந்துருவாரு. வந்த கடுதாசி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு வரில சாரம் எழுதி அடுக்கி வெக்கணும். இன்னும் பன்னெண்டு கிடக்கு.

லைமன்: பிளைத் ஜனாதிபதியோட அந்தரங்கச் செயலாளர். சாரத்தைத் தவிர எதையும் படிக்கமாட்டாரு. அது நமக்குப் பழகினதுதானே.

ஹோசியா: ஆமா... உன் தம்பி ஏசா கடிதம் போட்டானா?

லைமன்: போட்டான். வழக்கம்போலப் புலம்பல். மாலுமியாப் போனா உலகம் சுத்தலாம்னு போனான். கையில வெளக்குமாத்தைக் குடுத்து ஒரு வருஷமாப் பெருக்க விட்டிருக்காங்களாம்.

ஹோசியா: பாவம். எந்தக் கப்பல்ல இருக்கான்?

லைமன்: பேச்சை மாத்தாத. புத்தகத்தைத் தள்ளு இப்படி. மே மாசம் ஆறாம் தேதி... இதோ. ஓரத்துல 'நார்ஃபோக் தளபதிக்கு'ன்னு உன் கையெழுத்து. 'ஐயா, தாங்கள் எழுதிய தகராறு பற்றி. ஏற்கெனவே அங்கு இருக்கும் நபர் இருந்தபடியே இருக்கட்டும். இருவர் வாதத்தையும் நான் கேட்டு முடிக்கும்வரை யாரும் அவர்மேல் கைவைக்கக் கூடாது. பிந்தி வந்த காகிதத்தோடு நிற்பவர் வெளியே காத்திருக்கட்டும்.' அவ்வளவுதான்.

ஹோசியா: பாத்தியா. ஆடு இல்ல.

லைமன்: ஆட்டை விடு. ஒரே கப்பலுக்கு ரெண்டு கேப்டன். வெட்ஹெரல் உள்ள உக்காந்திருக்காரு, எறங்கமாட்டேங்கறாரு. ஓர்ம்ங்கறவரு புது நியமனக் காகிதத்தோட கரையில நிக்கறாரு. நாம உள்ள இருக்கறவர் இருக்கட்டும்னு எழுதியிருக்கோம். தளபதி அவரை இறக்கிட்டேன்ங்கறாரு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியல. உனக்கு?

ஹோசியா: கடற்படைக்காரங்க எதையும் தலைகீழாத்தான் படிப்பாங்க.

லைமன்: அடுத்த பக்கத்தைத் திருப்பு.

ஹோசியா: எதுக்கு?

லைமன்: காத்து திருப்பினா கேக்கமாட்ட, நான் திருப்பினா கேக்கறியே. அதே தேதி. 'ஹாலோ க்ரீக் நிலப் பதிவாளருக்கு.' ம்... 'ஐயா, தாங்கள் எழுதிய தகராறு பற்றி. அங்கே உட்கார்ந்திருக்கும் நபருக்கு எந்த உரிமையும் இல்லை. குடும்பம், சாமான் அனைத்தோடும் முப்பது நாளுக்குள் அப்புறப்படுத்துக. காகிதம் வைத்திருப்பவரை உள்ளே அமர்த்துக.'

ஹோசியா: படிச்சாச்சுல்ல, மூடி வை.

லைமன்: குடும்பம், சாமான் அனைத்தோடும். தளபதி எழுதறாரே, மனைவி, கோழி...

ஹோசியா: எனக்கு நல்லாவே கேக்குது.

லைமன்: கோபப்படாதய்யா. வேடிக்கையா இல்லையா உனக்கு? ஒரே நாள்ல ரெண்டு கடுதாசி. ஒண்ணு கப்பலுக்கு, ஒண்ணு நிலத்துக்கு. ரெண்டும் 'ஐயா, தகராறு பற்றி'ன்னு ஆரம்பிக்குது. உள்ள ஆள் பேரு கிடையாது, ஊர் பேரு கிடையாது.

ஹோசியா: அது பெரியவர் போட்ட உத்தரவு. போன வருஷம் ஒரு கடுதாசி பத்திரிகைக்காரன் கைக்குப் போனதுலேர்ந்து, உள்ள பேரே வரக்கூடாதுன்னுட்டாரு.

லைமன்: அதனால பேரு எங்க எழுதறோம்?

ஹோசியா: மடிச்சதுக்கு அப்புறம்... முதுகுல.

லைமன்: முதுகுல மட்டும். அன்னிக்கு முதுகுல எழுதினது யாரு?

ஹோசியா: நான்தான். மெழுகு வெச்சு ஒட்டினது நீ. அதையும் சொல்லு.

லைமன்: நான் முதுகையெல்லாம் பாக்கறதில்ல. விரல்ல மெழுகு சொட்டிருமேன்னு விரலைத்தான் பாப்பேன்.

ஹோசியா: அப்ப ஆளுக்குப் பாதித் தப்பு.

லைமன்: முதுகு மாறிப் போச்சுன்னு ஒத்துக்கறியா?

ஹோசியா: போயிருக்கலாம். அன்னிக்கு முப்பத்தோரு கடுதாசி. கண்ணு எரிஞ்சுது.

லைமன்: ஆக நிலக் கடுதாசியைப் படிச்சுட்டு நார்ஃபோக்ல ஒரு கேப்டனைப் பொண்டாட்டி, ஆடு சகிதம் தெருவுல நிறுத்திட்டாங்க. கப்பல் கடுதாசி இந்நேரம் நீராவிப் படகுல ஏறி மிசிசிப்பி போய்ச் சேந்திருக்கும். அங்க பதிவாளர் பிரிச்சுப் பாப்பாரு. 'இருக்கும் நபர் இருந்தபடியே இருக்கட்டும், யாரும் கைவைக்கக் கூடாது.'

ஹோசியா: இருக்கட்டுமே.

லைமன்: என்ன சொன்ன?

ஹோசியா: ஒண்ணும் இல்ல.

லைமன்: இன்னிக்குத் தபால் வண்டி பதினோரு மணிக்கு. ஒரு திருத்தம் போட்டுரலாம். 'முன்கடிதம் தவறுதலாக வந்தது, அந்த நபரை உடனே கிளப்புக.' இறகுப் பேனாவைச் சீவு.

ஹோசியா: இரு.

லைமன்: என்ன இரு?

ஹோசியா: கொஞ்சம் இரேன். ஓடியா போகுது வண்டி?

லைமன்: ஓடத்தான் போகுது. வண்டி வேற என்ன செய்யும்... ஹாலோ க்ரீக். இந்தப் பேரை நான் எங்கயோ கேட்டிருக்கேனே. நம்ம விடுதியில, சோள ரொட்டி தின்னுக்கிட்டே யாரோ ஒரு கடுதாசி படிச்சாங்க.

ஹோசியா: சின்ன ஊரு. யாரும் பேசமாட்டாங்க அதைப் பத்தி.

லைமன்: உன் அக்கா தர்சா எங்க இருக்காங்க?

ஹோசியா: மிசிசிப்பி பக்கம்.

லைமன்: மிசிசிப்பி பெருசு.

ஹோசியா: அதுல ஒரு மூலை.

லைமன்: அந்த மூலைக்குப் பேரு உண்டா?

ஹோசியா: நீ தெரிஞ்சுக்கிட்டே கேக்கற.

லைமன்: உன் வாயால கேட்டா நல்லா இருக்கும்.

ஹோசியா: ஹாலோ க்ரீக். போதுமா? அந்த 'நபர்' எங்க அக்காதான். அத்தான் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. காட்டை வெட்டினதும் அவரு, குடிசை போட்டதும் அவரு, அந்த ஓக் மரத்தடியிலேயே புதைச்சிருக்கு. மூணு குழந்தைங்களை வெச்சுக்கிட்டு அவளே ஏர் பிடிக்கறா. அந்தப் பக்கம் கால்கூட வெக்காத ஒரு வியாபாரி ஏதோ காகிதத்தைக் காட்டி நிலம் என்னுதுங்கறான்.

லைமன்: நவம்பர் வரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும்னு அந்தக் கடுதாசில எழுதியிருந்தாங்களே, அது என்ன?

ஹோசியா: காங்கிரஸ் சபையில மசோதா கிடக்கு. உழுதுக்கிட்டு அங்கயே இருக்கறவங்களுக்குத்தான் வாங்க முதல் உரிமை. நவம்பர்ல அங்க இருந்தாப் போதும், அப்புறம் யாரும் அசைக்க முடியாது. இப்ப கிளப்பிட்டா... எழுந்து போனவளுக்குச் சட்டம் என்ன செய்யும்?

லைமன்: ஏதோ தெரியாம நடந்த தப்பு, உங்க அக்காவுக்கு நல்லதா முடிஞ்சுது. அப்படித்தானே?

ஹோசியா: அப்படித்தான்.

லைமன்: அதிர்ஷ்டசாலிப் பொம்பளை.

ஹோசியா: யாரோ வர்றாங்க. நடை சத்தம் கேக்குது. அந்தக் கடுதாசியைக் குடு, சீக்கிரம்.

லைமன்: விடு, நான் சாரம் எழுதறேன். ரெண்டே வார்த்தை... நீ புத்தகத்துல இன்னிக்குப் பக்கத்தைத் திருப்பி, மேல மை உறிஞ்சற மணலைக் கொட்டு. கொட்டுய்யா. வாங்க ஐயா, வணக்கம்.

பிளைத்: இந்த வீதிச் சேறு ஒரு நாள் என்னை விழுங்கப்போகுது. வண்டிக்குக் குறுக்கால பன்னி வேற. நார்ஃபோக்லேர்ந்து ஏதாவது வந்துதா? பெரியவர் எழுந்ததுலேர்ந்து அதையே கேக்கறாரு.

லைமன்: வந்திருக்குங்க ஐயா. சாரம் பின்னாடி எழுதியிருக்கு.

பிளைத்: 'உத்தரவு நிறைவேற்றப்பட்டது.' அட. கடற்படையில ஒருத்தன் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கானா? சண்டை, மறுப்பு ஒண்ணும் இல்லையே?

லைமன்: இல்லைங்க ஐயா. மாலுமிங்ககூட ஒழுங்கா இருக்காங்களாம்.

பிளைத்: இப்ப யாரு கப்பல்ல இருக்காங்க? அந்த வெட்... என்னவோ. ரெண்டு பேரும் எனக்குக் குழம்புது.

லைமன்: கடுதாசில சொன்னவருதாங்க ஐயா.

பிளைத்: யாரைச் சொன்னோம் நாம? அந்த நகல் புத்தகத்தைக் குடு.

ஹோசியா: மை ஈரமா இருக்குங்க ஐயா. இன்னிக்குப் பக்கம். இப்ப திருப்பினா ஒட்டிக்கும்.

பிளைத்: சரி சரி, வெய்யி. சொன்னவரு இருந்தாச் சரி. பெரியவருக்கே மறந்திருக்கும். இன்னொண்ணு. மிசிசிப்பிக்கு ஒரு நிலக் கடிதம் போச்சே, ஒரு ஆளைக் கிளப்பச் சொல்லி...

ஹோசியா: ஆமாங்க ஐயா.

பிளைத்: அந்தப் பதிவாளர்கிட்டேர்ந்து பதிலே காணோம்னு பெரியவருக்கு எரிச்சல். ஒரு நினைவுக் கடிதம் போடச் சொல்றாரு. இப்பவே, பதினோரு மணி வண்டியில. எழுதிக்கோ, சொல்றேன்.

ஹோசியா: இப்பவேயா? நாளைக்கு...

பிளைத்: என்னப்பா, உடம்பு சரியில்லையா? வேர்க்குது உனக்கு.

லைமன்: காலையில விடுதியில குடுத்த பன்றிக்கறி சரியில்லைங்க ஐயா. எழுதுவான். எழுதுய்யா.

பிளைத்: 'ஐயா, மே ஆறாம் தேதி தங்களுக்கு நான் எழுதிய கடிதத்தில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து நடக்கவும். அதற்கு மாறாக யார் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் ஏற்க வேண்டாம். தாமதமானால் தங்கள் பதவி போகும்.' பெரியவர் சொன்னது அப்படியே. கடைசி வரியை மட்டும் ரெண்டு தடவை சொன்னாரு.

ஹோசியா: உள்ளபடி... எழுத்துக்கு எழுத்து... இவ்வளவுதானுங்களா ஐயா? ஆளைக் கிளப்பணும்னு மறுபடியும்...

பிளைத்: பேரு, விவரம் உள்ள வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? முன்கடிதத்துல இருக்குல்ல எல்லாம்?

ஹோசியா: இருக்குங்க ஐயா.

பிளைத்: அப்ப முடிஞ்சுது. கொண்டா, கையெழுத்து வாங்கிட்டு வரேன். மாடிப்படி ஏற எறங்கவே என் ஆயுசு போகுது... இந்தா, வாங்கியாச்சு. பல்வலி போயிருச்சு போல, பார்க்காமலே போட்டுட்டாரு. மடிச்சு ஒட்டி அனுப்பிருங்க. நான் வரேன்.

லைமன்: நல்லதுங்க ஐயா. பாத்துப் போங்க, பன்னி இன்னும் அங்கதான் நிக்குது.

ஹோசியா: கதவைச் சாத்து.

லைமன்: மூச்சு விடலாம். போயிட்டாரு.

ஹோசியா: 'எழுத்துக்கு எழுத்து நடக்கவும்.' லைமன், அந்தப் பதிவாளர் கையில இருக்கற கடிதத்துல...

லைமன்: இருக்கறவங்க இருக்கட்டும்னு இருக்கு. அதை மீறினா அவரு வேலை போயிரும்னு ஜனாதிபதியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. உங்க அக்காவை இனிமே பீரங்கி வெச்சாலும் கிளப்ப முடியாது. முதுகுல எழுது. இந்தத் தடவை சரியான முதுகுல.

ஹோசியா: கை நடுங்குது.

லைமன்: அன்னிக்கு நடுங்கலையா?

ஹோசியா: என்னிக்கு?

லைமன்: ஆறாம் தேதி.

ஹோசியா: ...நடுங்கிச்சு.

லைமன்: ம்.

ஹோசியா: தெரியாம மாத்தலை. தெரிஞ்சுதான் மாத்தினேன். பெரியவர் 'அப்புறப்படுத்துக'ன்னு சொல்லச்சொல்ல என் கையாலயே எழுதினேன். எங்க அக்காவைக் கிளப்பச் சொல்லி என் கையெழுத்து. பக்கத்துலயே இன்னொரு தாளு, 'இருந்தபடியே இருக்கட்டும்'னு. ரெண்டையும் மடிச்சேன். முதுகு ரெண்டும் ஒரே வெள்ளை. அவ்வளவுதான். நீ வேணும்னா போய்ச் சொல்லிரு.

லைமன்: நான் எங்க போறேன். ஒண்ணு கேக்கவா?

ஹோசியா: கேளு.

லைமன்: உங்க அத்தான் காடு வெட்டறதுக்கு முன்னாடி அங்க யாரு இருந்தாங்க?

ஹோசியா: சாக்டா பழங்குடி ஜனங்க.

லைமன்: அவங்க இருந்தபடியே இருக்கலையோ?

ஹோசியா: அவங்களைக் கிளப்பவும் இங்கேர்ந்துதான் கடுதாசி போச்சு. இதே மேசையிலேர்ந்து. நான்தான் நகல் எடுத்தேன்.

லைமன்: அதுக்கு முதுகை மாத்தலையே நீ.

ஹோசியா: ...இல்ல. கை நடுங்கக்கூட இல்ல. அது இப்பத்தான் தோணுது எனக்கு. அசிங்கமா இருக்கு.

லைமன்: இருக்கட்டும். அந்த நெனப்போடயே இரு. அந்தக் கடுதாசிக்கு மெழுகு வெச்சது நான்.

ஹோசியா: வெட்ஹெரலை நினைச்சாலும் கஷ்டமாத்தான் இருக்கு. ஒரு மனுஷனைக் கப்பலைவிட்டு இறக்கிட்டேன்.

லைமன்: அவரை நினைச்சு அழாத. பொண்டாட்டியைக் கப்பல்ல வெச்சுக் குடும்பம் நடத்தினவரு, வேற எதுக்காகவாவது எறங்கித்தான் இருப்பாரு.

ஹோசியா: அது உனக்கு எப்படித் தெரியும்?

லைமன்: கடுதாசில இருக்கே.

ஹோசியா: சரி... ஆனா லைமன், ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல. காலையிலேர்ந்து மண்டையைக் குடையுது. நான் அனுப்பினது நிலக் கடிதம். அதுல குடும்பம், சாமான், அவ்வளவுதான். பெரியவர் சொல்லல, நான் எழுதல. அந்த ஆடு எங்கேர்ந்து வந்துச்சு?

லைமன்: மெழுகு உருக்கறப்போ நான் முதுகைப் பாத்தேன்யா. அப்புறம் உன் முகத்தைப் பாத்தேன், நீ ஜன்னல் வழியா பன்னியைப் பாத்துக்கிட்டு நின்ன. 'குடும்பம், சாமான்'னு மொட்டையாப் போனா, இது கப்பலுக்கு எழுதினதில்லன்னு தளபதி திருப்பி அனுப்பிருவாரு. வரிக்கு நடுவுல கொஞ்சம் இடம் கிடந்துச்சு, கோழியையும் ஆட்டையும் அங்க செருகிட்டேன். ஒன்பது வருஷமா உன் எதிர்ல உக்காந்திருக்கேன், உன் கையெழுத்து எனக்கு வராதா? ஏசா அந்தக் கப்பல்லதான் இருக்கான். ஒரு வருஷமா அவன் பெருக்கினது அந்த ஆட்டுப் புழுக்கையைத்தான்.